கதவுக்கு முன்னால் ஒரு தலையணை

நிலவைத் துரத்திக்கொண்டு திரிகிறது ஈஸ்டர்.
உன் பிறந்தநாளோ
கலண்டரில் அடித்த ஆணி.
கல்யாணமான வருடம் அது பெரிய வெள்ளியில் விழுந்தது;
கஞ்சிக் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொன்னேன்,
நீ சிரித்துக் கஞ்சி புரையேறிற்று.
பிறகும் பலதரம் தவக்காலத்துக்குள் மாட்டுப்பட்டு
இறைச்சி இல்லாமல், கேக் இல்லாமல்
உனக்கு வயது போனது.
இந்த முறைதான்
ஞாயிறு ஓடிவந்து ஆணியில் தொங்கியிருக்கிறது.

அதற்கும் உனக்கு நைட் டியூட்டி.
தொடர்ந்து மூன்றாம் இரவு.

பாலையூற்றுக் கோயிலுக்குப்
பிள்ளைகளோடு நான் மட்டும் போனேன்.
வாசலில் பைகளைத் திறந்து காட்டினோம்,
அந்த வருடத்திலிருந்து பழகிப்போய்.
ஜொவான் தன் தண்ணீர்ப் போத்தலையும் திறந்து நீட்டினான்,
கேட்காமலே.
இருட்டில் திரிக்குத் திரி நெருப்பு வந்தது.
மணி அடிக்கும்போது மிதூஷா நல்ல தூக்கம்;
என் தோளில்
பாதி மெழுகு, பாதி அவளுடைய வாணீர்.

காலை ஏழரைக்கு வந்தாய்.
ஒரு செருப்பைக் கழற்றினாய்.
மற்றதோடேயே கட்டில்வரை போனாய்.
"பதினேழாம் கட்டில் அம்மா
தானாய் மூச்சு விடுறா" என்றாய்,
பிறந்தநாள்காரி பேசிய முதல் வார்த்தையும்
கடைசி வார்த்தையும் அதுதான்.
கதவு சாத்திக்கொண்டது.

ரைஸ் குக்கரில் கேக் அவித்தோம். அவித்தோம்தான்.
முட்டைகளில் மூன்று பீட்றூட், இரண்டு மஞ்சள்,
ஒன்றுக்குச் சாயம் போதாமல் பென்சிலால் மீசை.
"அம்மா எழும்பிட்டாவா?"
"இல்லை."
குக்கர் பொத்தான் டிக்கென்று மேலே வந்தது.
"இப்ப எழும்பிட்டாவா?"
ஜொவான் பெரிய தலையணையை இழுத்துவந்து
உன் கதவில் சாத்தினான். "இது கல்லு."
தங்கச்சியைக் கையில் அகப்பையோடு காவலுக்கு வைத்தான்.
சிப்பாய் கொஞ்ச நேரம் நின்றது,
பிஸ்கட் தின்றது,
கல்லின்மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து
உவர்மலைப் பக்கமிருந்து இறங்கிய மான் ஒன்று
திறந்துகிடந்த கேற்றால் வந்து
நாங்கள் கட்டிய கிரேப் தாளை இழுத்துத் தின்றது,
பசை காய வைத்திருந்த அட்டையையும் கடித்தது.
நான் தும்புத்தடியோடு ஓடினேன்.
ஊர் மானுக்குத் தும்புத்தடி ஒரு பொருட்டா?
ஜொவான் அழுதுகொண்டே கொண்டுவந்து காட்டினான்:
'அம்மாவுக்கு வாழ்த்து' என்று எழுதியதில்
ஓரம் போய்
'அம்மாவுக்கு வாழ்' என்று நின்றது.

இரண்டு மணி. பொறுக்க முடியவில்லை.
கல்லைப் புரட்டினோம்.
கட்டில் காலி.
போர்வை மடித்து ஒரு பக்கத்தில்,
ஒற்றைச் செருப்பு கீழே.
அந்த அறைக்குப் பின்கதவு ஒன்று இருப்பதை
மூன்று பேருமே மறந்துபோயிருந்தோம்.

கொச்சிக்கன்றுகளுக்கு நடுவில் யாரோ
என் சாரத்தைக் கட்டிக்கொண்டு
என் தொப்பியைப் போட்டுக்கொண்டு
குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.
தூக்கம் கலையாத சிப்பாய் கேட்டது,
"அந்த மாமா ஆரு?"

நீ திரும்பினாய்.
"மிதூ" என்றாய்.

பிறகு நடந்தது ஓட்டம், சேறு, கூச்சல்,
நனைந்த நான்கு பேர்.

கேக்கில் நேற்றைய திரித் துண்டுகளைக் குத்தினோம்.
"ஊதுங்கோ" என்றேன்.
ஜொவான் இரண்டு கையாலும் மறித்தான்:
"நூரக் கூடாதெண்டு ஃபாதர் சொன்னவர்."
நீ ஊதவில்லை.
நெருப்பைச் சுற்றிச் சுற்றி வெட்டித் தின்றோம்,
மெழுகு பட்ட இடத்தை எனக்குத் தந்தாய்.

அட்டை இப்போது பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.
மிச்ச இரண்டு எழுத்தையும்
வீதியோரத்தில் நின்று
ஆறுதலாய் மென்றுகொண்டிருக்கிறது மான்.